எஞ்சினுக்கு உத்தரவாதி யார்?

'உத்தரவாதம்' என்னும் சொல்லை நாம் நாள்தோறும் கையாள்கிறோம். அதைப் பிரித்துப் பார்ப்பது அரிது. உத்தரம் என்றால் மறுமொழி. வாதம் என்றால் சொல். ஒரு பொருள் பழுதானால் 'அதற்கு நான் பதில் சொல்கிறேன்' என்று விற்பவர் முன்கூட்டியே கொடுக்கும் வாக்கே உத்தரவாதம். பதில் சொல்லக் கடமைப்பட்டவர் உத்தரவாதி. கடைத்தெருவில் இது கேரண்டி என்றும் வாரண்டி என்றும் வழங்குகிறது. பெயர் எதுவாயினும் அடியில் கிடக்கும் வினா ஒன்றுதான்: பழுது நேர்ந்தால் யார் பதில் சொல்வது?

புதிதாக மோட்டார் சைக்கிள் வாங்கிய இளைஞர் ஒருவர், தம் வண்டி இன்னும் சற்று விசையோடு இழுக்க வேண்டும் என்று விரும்புகிறார். கையில் இருப்பதோ கொஞ்சம் பணம். ஏர் ஃபில்டரை மாற்றலாமா, சைலன்சரை மாற்றலாமா, எஞ்சினின் மின்னணு மூளையைத் திருத்தலாமா என்று நண்பர்களைக் கேட்கிறார். 'எதைத் தொட்டாலும் வாரண்டி போய்விடும்' என்கிறார் ஒருவர். 'ஒன்றும் ஆகாது' என்கிறார் மற்றொருவர். இரண்டுமே முழு உண்மை அல்ல. இந்தச் சிறு வினாவுக்குப் பின்னால் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. அது பெரும்பாலும் அமெரிக்காவில் நிகழ்ந்தது. அங்கேதான் இவ்வழக்கு நீதிமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் அரசு ஆணையங்களுக்கும் மீண்டும் மீண்டும் சென்று, தெளிவான ஏடுகளை விட்டுச் சென்றிருக்கிறது. ஆகவே அந்நாட்டு வரலாற்றையே இங்குத் தொடர்ந்து சென்று பார்ப்போம்.

மிச்சம் வைக்கும் வழக்கம்

வரலாற்றுக்குள் நுழையுமுன் இயந்திரத்தைப் பற்றி ஒரு சொல். எஞ்சின் என்பது மூச்சு விடும் பொருள். காற்றை உள்ளிழுக்கிறது, பெட்ரோலோடு கலந்து எரிக்கிறது, புகையை வெளிவிடுகிறது. இம்மூன்றில் ஒன்றை எளிதாக்கினால் விசை கூடும். மூச்சு வரும் வழியை அகலப்படுத்துவது, மூச்சு போகும் வழியைத் திறந்துவிடுவது, நடுவில் எரிவதைச் செறிவாக்குவது ஆகிய மூன்றுக்குள் ட்யூனிங் என்னும் கலையின் பெரும்பகுதி அடங்கிவிடும்.

அப்படியானால் தயாரிப்பாளரே ஏன் இவற்றை முழுமையாகச் செய்து கொடுப்பதில்லை? காரணம், அவர் ஒரு வண்டியை ஒருவருக்காகச் செய்வதில்லை. தரம் குறைந்த பெட்ரோலை ஊற்றுபவர், எண்ணெய் மாற்ற மறப்பவர், கோடை வெயிலில் இருவரை ஏற்றிக்கொண்டு மலையேறுபவர் என எல்லாருக்குமாகச் செய்கிறார். எனவே எஞ்சினின் முழு ஆற்றலையும் அவர் வெளியே எடுப்பதில்லை. கொஞ்சம் மிச்சம் வைக்கிறார். வாரண்டிக் காலம் எவ்வளவு என்பதை அந்த மிச்சத்தை வைத்துத்தான் கணக்கிடுகிறார். ட்யூனிங் செய்பவர் கைவைப்பதும் அதே மிச்சத்தில்தான். ஒரே சேமிப்பின்மீது இருவர் உரிமை கொண்டாடும்போது வழக்கு வருவது இயல்பே.

மட்கார்டை வெட்டிய காலம்

1929இல் தொடங்கிய பெருமந்தம் அமெரிக்க மோட்டார் சைக்கிள் தொழிலை ஏறக்குறைய அழித்துவிட்டது. எக்செல்சியர் நிறுவனம் 1931இல் மூடப்பட்டது. ஹார்லி டேவிட்சன், இந்தியன் என்னும் இரண்டு பெரிய நிறுவனங்களே எஞ்சின. 1933ஆம் ஆண்டு முழுவதிலும் ஹார்லி டேவிட்சன் செய்த வண்டிகள் 4,000க்கும் குறைவு. தொழிற்சாலைகள் பெரும்பணம் கொட்டிச் சிறப்புப் பந்தய வண்டிகள் செய்துவந்த காலம் அத்தோடு முடிந்தது.

அந்த நெருக்கடியில்தான் அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம் 'கிளாஸ் சி' என்னும் பந்தயப் பிரிவை வகுத்தது. கடையில் விற்கும் வண்டிகளுக்கான பிரிவு அது. பக்கவாட்டு வால்வு எஞ்சின் என்றால் 750 சி.சி., மேல் வால்வு எஞ்சின் என்றால் 500 சி.சி. என்பது வரம்பு. பலர் அன்றாடம் ஓட்டும் வண்டியிலேயே பந்தயத்துக்கு வந்து, விளக்கைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் களத்தில் இறங்கினர். ஏழையின் பந்தயம் என்று இதைச் சொல்லலாம்.

ஏழையின் ட்யூனிங்கும் அங்கேதான் பிறந்தது. எஞ்சினைத் திறந்து விசையைக் கூட்டப் பணம் வேண்டும். எடையைக் குறைக்க ஒரு ரம்பம் போதும். முன் மட்கார்டைக் கழற்றுவது, பின் மட்கார்டைக் குட்டையாக வெட்டுவது, வேண்டாத இரும்பையெல்லாம் நீக்குவது என்று தொடங்கிய அந்த வண்டிகளுக்கு 'பாப் ஜாப்' என்று பெயர் வந்தது. பின்னாளில் உலகெங்கும் பரவிய பாபர், சாப்பர் ஆகிய வடிவங்களுக்கு அதுவே மூதாதை. எடை குறைந்தால் அதே குதிரைசக்தி கூடுதல் வேகம் தரும் என்னும் உண்மையை அவர்கள் ஏட்டிலிருந்து கற்கவில்லை, காசில்லாமையிலிருந்து கற்றார்கள்.

எஞ்சினுக்குள்ளும் கைவைத்தவர்கள் இருந்தார்கள். கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் ஹார்லி விற்பனையாளராக இருந்த டாம் சிஃப்டன் அவர்களுள் புகழ்பெற்றவர். கேம் வடிவத்தையும் காற்று செல்லும் வழியையும் திருத்தி அவர் செய்த எஞ்சின்கள், தொழிற்சாலையின் பந்தய வண்டிகளையே முந்தின. ஒரு நிறுவனத்தின் வண்டியை விற்பவரே அந்நிறுவனத்தைக் காட்டிலும் நன்றாக அதைச் செய்ய முடிந்தது என்பது இங்குக் குறிக்கத்தக்கது. எஞ்சினை முழுதும் அறிந்தவர் தயாரிப்பாளர் ஒருவரே என்னும் எண்ணத்தில் விழுந்த முதல் கீறல்களில் அதுவும் ஒன்று.

பொடி எழுத்தின் ஆட்சி

அக்காலத்து உத்தரவாதம் எத்தகையது? அதைக் காட்ட ஒரு கார் வழக்கை எடுத்துக்கொள்வோம். மோட்டார் சைக்கிள் வாங்கியவரையும் அதன் தீர்ப்பு நாளடைவில் காத்தது என்பதால் இது விலகல் ஆகாது.

1955ஆம் ஆண்டு மே மாதம். நியூ ஜெர்சி மாநிலத்தைச் சேர்ந்த கிளாஸ் ஹென்னிங்சன் என்பவர் தம் மனைவி ஹெலனுக்கு அன்னையர் நாள் பரிசாக ஒரு புதிய பிளிமத் கார் வாங்கினார். அது கிரைஸ்லர் நிறுவனத்தின் தயாரிப்பு. வாங்கி இரண்டு வாரம்கூட நிறைவாக ஓடவில்லை. மே 19 அன்று ஹெலன் நெடுஞ்சாலையில் ஓட்டிச் சென்றபோது அடியில் ஏதோ வெடித்தாற்போல் ஓசை கேட்டது. ஸ்டீரிங் கையை மீறிச் சுழன்றது. கார் சாலையை விட்டு விலகிச் செங்கல் சுவரில் மோதியது. அப்போது அது ஓடியிருந்த தொலைவு 468 மைல்.

வழக்குத் தொடுத்தபோது நிறுவனம் கொள்முதல் தாளின் பின்பக்கத்தைக் காட்டியது. பொடி எழுத்தில் அங்கு ஒரு வாரண்டி இருந்தது. 90 நாள் அல்லது 4,000 மைல், இவற்றுள் எது முந்துகிறதோ அதுவரை, குறையுள்ள உதிரிப்பாகத்தை வாங்கியவர் தம் செலவில் தொழிற்சாலைக்கு அனுப்பினால் மாற்றித் தருவோம்; அதற்குமேல் எதற்கும் பொறுப்பில்லை என்பது அதன் சாரம். காயம்பட்ட பெண்ணுக்கு அதில் ஒரு வரியும் இல்லை. வேறு கார் வாங்கியிருந்தால் தப்பியிருக்கலாமே என்றும் சொல்ல இயலாது. அமெரிக்கக் கார் உற்பத்தியில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் செய்துவந்த நிறுவனங்கள் யாவும் தம் சங்கம் வகுத்த அதே வாசகத்தையே பயன்படுத்தின. வாங்குபவர் ஒப்பம் இடுவதைத் தவிர வேறு வழியற்று நின்றார்.

1960இல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் அந்தப் பொடி எழுத்தைச் செல்லாது என்று தள்ளியது. பேரம் பேசும் வலிமை ஒருபக்கமே இருக்கும்போது எழுதி வாங்கிய விடுதலை, பொதுநலனுக்கு முரணானது என்றது. வாரண்டி என்னும் பெயரில் வாங்கியவரின் உரிமையைப் பறிக்கலாகாது என்னும் நெறி அங்கு வேர்கொண்டது.

இதன்பின் நிறுவனங்கள் வாரண்டியையே விளம்பரமாக்கிப் போட்டியிடத் தொடங்கின. ஃபோர்டு நிறுவனம் 1961 மாடல்களுக்கு 12 மாதம் அல்லது 12,000 மைல் என்றது. கிரைஸ்லர் 1963 மாடல்களுக்கு, எஞ்சினும் கியர்பாக்ஸும் சார்ந்த பாகங்களுக்கு 5 ஆண்டு அல்லது 50,000 மைல் என்றது. காலம் நீண்டது, கூடவே நிபந்தனையும் நீண்டது. குறித்த நாளில் பராமரிப்புச் செய்ததற்குச் சான்று காட்ட வேண்டும் என்றார்கள். கொடுப்பதைப் பெரிய எழுத்திலும், மறுப்பதைச் சிறிய எழுத்திலும் அச்சிடும் வழக்கம் இவ்வாறே வளர்ந்தது.

1975: ஒரு சட்டம்

அவ்வழக்கத்துக்குக் கடிவாளம் போட்டது மேக்னஸன்–மாஸ் வாரண்டிச் சட்டம். வாஷிங்டன் மாநிலத்துச் செனட்டர் வாரன் மேக்னஸன், கலிஃபோர்னியாவின் பிரதிநிதி ஜான் மாஸ் ஆகிய இருவரின் பெயரால் அது வழங்குகிறது. 1975ஆம் ஆண்டு ஜனவரி 4 அன்று குடியரசுத் தலைவர் ஜெரால்டு ஃபோர்டு அதில் ஒப்பமிட்டார்.

இச்சட்டம் யாரையும் வாரண்டி கொடுக்கச் சொல்லவில்லை. கொடுத்தால் தெளிவாகக் கொடு என்றது. எழுத்து வாரண்டி 'முழுமையானது' அல்லது 'வரம்புடையது' என்று தலைப்பிலேயே சொல்லப்பட வேண்டும். நிபந்தனைகளை எளிய மொழியில் எழுத வேண்டும். நம் வினாவுக்கு நேரான பகுதி இனிமேல்தான் வருகிறது. குறிப்பிட்ட பிராண்டின் பாகத்தையோ, குறிப்பிட்ட பணிமனையின் வேலையையோ பயன்படுத்தினால்தான் வாரண்டி நிலைக்கும் என்று நிபந்தனை விதிக்கலாகாது என்றது இச்சட்டம். அந்தப் பாகத்தையோ வேலையையோ நிறுவனமே இலவசமாகக் கொடுத்தால் மட்டும் விலக்கு. அல்லது அது இன்றேல் பொருள் சரியாக இயங்காது என்று கூட்டரசு வணிக ஆணையத்துக்கு மெய்ப்பித்து இசைவு பெற வேண்டும்.

இதன் பொருளை நாம் சரியாக அளந்துகொள்ள வேண்டும். 'வேறு சைலன்சர் மாட்டியிருக்கிறாய். ஆகவே உன் விளக்குக்கும் வாரண்டி இல்லை' என்று சொல்ல முடியாது. ஆனால் 'நீ மாட்டிய பாகத்தால்தான் பிஸ்டன் உருகியது' என்று காட்ட முடிந்தால், அந்தப் பிஸ்டனுக்குப் பதில் சொல்ல நிறுவனம் கடமைப்பட்டதன்று. முழு மறுப்பு என்னும் கோடரியைப் பறித்துவிட்டு, காரணமும் விளைவும் என்னும் தராசை அச்சட்டம் கையில் கொடுத்தது. 'எதைத் தொட்டாலும் போய்விடும்' என்பதும் 'ஒன்றும் ஆகாது' என்பதும் ஒருசேரப் பிழையாவது இங்கேதான்.

நான்கு குழாய் ஒன்றானது

சட்டம் உருவாகிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் தொழில்நுட்பமும் ஒரு திருப்பத்தைக் கண்டது. 1969இல் வெளிவந்த ஹோண்டா சி.பி. 750, வரிசையில் நான்கு சிலிண்டர்களோடு சாதாரண மக்கள் வாங்கும் விலைக்கு வந்தது. நான்கு சிலிண்டருக்கும் நான்கு புகைக்குழாய்கள். பார்க்க அழகு; ஆனால் எடை.

ஜப்பானின் ஃபுகுவோகாவில் 1922இல் பிறந்த ஹிதேயோ யோஷிமுரா, போருக்குப்பின் அங்குத் தங்கியிருந்த அமெரிக்கப் படைவீரர்களின் வண்டிகளைத் திருத்திக் கொடுத்துப் பெயர் பெற்றவர். வீரர்கள் அன்போடு அவரைப் 'பாப்ஸ்' என்றழைத்தார்கள். நான்கு குழாய்களையும் அடியில் ஒன்றாகச் சேர்த்து ஒரே சைலன்சரில் விடும் அமைப்பை அவர் 1971இல் கலிஃபோர்னியாவின் ஆன்டாரியோ பந்தயத் தளத்தில் காட்டினார். எடை குறைந்தது என்பது ஒரு பயன். ஒரு சிலிண்டரின் புகை வெளியேறும் வேகம் அடுத்த சிலிண்டரின் புகையை இழுத்துவிட உதவியது என்பது மற்றொரு பயன். 1978இல் முதன்முறையாக நடந்த சுசுகா எட்டு மணி நேரப் பந்தயத்தில், அவர் ட்யூன் செய்த சுசுகி ஜி.எஸ். 1000 வண்டி ஹோண்டா தொழிற்சாலை அணியையே வென்றது.

பந்தயக் களத்தில் வென்ற பொருள் கடைக்கு வந்தது. குழாயை வாங்கி வீட்டுத் தாழ்வாரத்திலேயே மாட்டிக்கொள்ளலாம். ஆனால் ஒன்றை மாற்றினால் மற்றொன்றையும் மாற்ற வேண்டும் என்பதை வாங்கியவர்கள் விரைவில் கண்டார்கள். மூச்சு தாராளமாகப் போகும்போது, உள்ளே வரும் காற்றும் கூடுகிறது. அதற்கேற்பப் பெட்ரோலும் கூட வேண்டும். கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளையான ஜெட்டைப் பெரிதாக மாற்றாவிட்டால் கலவை நீர்த்துப்போய் எஞ்சின் சூடேறும். மலிவான மேம்பாட்டுக்கு மறைவான விலை உண்டு என்னும் பாடம் இது. வாரண்டித் தகராறுகளின் வேரும் பெரும்பாலும் இதுவே: பாகம் நல்லதாக இருக்கும், அதற்கேற்ற துணைத் திருத்தம் செய்யப்படாமல் விடப்பட்டிருக்கும்.

காற்று என்னும் மூன்றாம் தரப்பு

இதுவரை வழக்கில் இருவர்தாம்: செய்தவர், வாங்கியவர். 1970இன் தூய காற்றுச் சட்டத் திருத்தத்தோடு மூன்றாமவர் ஒருவர் வந்தார். அவர் வண்டியை வாங்கவும் இல்லை, விற்கவும் இல்லை. சாலையோரம் நின்று மூச்சு விடுபவர்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1978ஆம் மாடல் ஆண்டு முதல் மோட்டார் சைக்கிள் புகைக்கு வரம்பு விதித்தது. 1980 முதல் கிலோமீட்டருக்கு ஹைட்ரோகார்பன் 5 கிராம், கார்பன் மோனாக்சைடு 12 கிராம் என்பது அன்றைய அளவு. இதற்காகத் தயாரிப்பாளர்கள் கலவையை மெலிதாக்கினார்கள். எரிபொருள் முழுதும் எரிய ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையளவில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். மிகுந்த விசை கிடைப்பதோ 13 பங்கை ஒட்டிய செறிவான கலவையில். விசைக்கும் தூய்மைக்கும் இடையிலான இழுபறி இவ்விரண்டு எண்களில் அடங்கியிருக்கிறது.

கலவையைத் திருத்தும் திருகாணியை உரிமையாளர் தொடாதிருக்க, அதன்மேல் ஓர் அடைப்பான் வைத்து மூடினார்கள். உரிமையாளர்களோ அதைத் துளைத்து எடுத்தார்கள். ஜெட்டும் ஊசியும் அடங்கிய சிறு பெட்டிகள் கடைகளில் மலிவாக விற்றன. தள்ளாடும் வண்டி சீராக ஓடியது, பயனும் கண்கூடு. ஆனால் அந்தப் பெட்டி விற்ற ஒவ்வொரு முறையும், மூன்றாமவருக்கு யார் பதில் சொல்வது என்னும் வினா கேட்கப்படாமலே நின்றது.

புகைக் கட்டுப்பாட்டைச் சிதைக்கக்கூடாது என்னும் தடை முதலில் தயாரிப்பாளரையும் விற்பனையாளரையும் கட்டியது. 1977இல் பணிமனைகளுக்கும், 1990இல் எல்லாருக்கும் விரிந்தது. அதே சமயம் கலிஃபோர்னியா காற்று வள வாரியம் ஒரு நடுவழியைத் திறந்தது. தன் பாகம் புகையை வரம்புக்கு மேல் கூட்டாது என்று சோதித்துக் காட்டும் நிறுவனத்துக்கு அது ஓர் எண்ணிட்ட ஆணையை வழங்குகிறது. அந்த எண் பொறித்த பாகத்தை அச்சமின்றி மாட்டலாம். தடைக்கும் தான்தோன்றித்தனத்துக்கும் இடையே அறிவு சென்ற வழி இது.

ஒரே நிறுவனம், இரண்டு தீர்வுகள்

இவ்வரலாற்றின் உச்சம் அண்மைக் காலத்தில், ஒரே நிறுவனத்தின்மீது ஆறாண்டு இடைவெளியில் எடுக்கப்பட்ட இரண்டு நடவடிக்கைகளில் இருக்கிறது.

ஹார்லி டேவிட்சன் நிறுவனம் 'ஸ்க்ரீமின் ஈகிள்' என்னும் பெயரில் தானே ட்யூனிங் பாகங்களை விற்றது. முதல் படிக்கு 'ஸ்டேஜ் 1' என்று பெயர்: காற்றைத் தாராளமாக விடும் ஃபில்டர், புதிய சைலன்சர், இவற்றுக்கேற்ப எஞ்சினின் இ.சி.யு.வில் திருத்திய கணக்கு. மூன்றும் ஒருங்கே வருவதால், முன்னர்க் கண்ட துணைத் திருத்தப் பிழை இதில் இல்லை. உத்தரவாதியே ட்யூனராக வந்துவிட்டால் வழக்கு தீர்ந்தது என்றே பலரும் எண்ணியிருப்பார்கள்.

தீரவில்லை. அந்நிறுவனம் 2008 முதல் விற்ற ஏறத்தாழ 3,40,000 'சூப்பர் ட்யூனர்' கருவிகள், சான்றளிக்கப்பட்ட அளவைவிடப் புகையைக் கூட்டுகின்றன என்று சுற்றுச்சூழல் முகமை குற்றம் சாட்டியது. அவை மூடிய பந்தயக் களங்களுக்கு உரியவை என்பது நிறுவனத்தின் விளக்கம். 2016ஆம் ஆண்டு ஆகஸ்டில் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே 1.2 கோடி டாலர் அபராதம் செலுத்தவும், அக்கருவிகளின் விற்பனையை நிறுத்தவும், விற்பனையாளரிடம் இருப்பவற்றைத் திரும்ப வாங்கி அழிக்கவும் அது இசைந்தது.

2022ஆம் ஆண்டு ஜூனில் கூட்டரசு வணிக ஆணையம் அதே நிறுவனத்தின்மீது வேறொரு நடவடிக்கை எடுத்தது. பிற நிறுவனங்களின் பாகத்தைப் பயன்படுத்தினால் வாரண்டி போய்விடக்கூடும் என்று வாங்கியவர்களை அது அச்சுறுத்தியது என்பதும், வாரண்டி நிபந்தனைகளை ஓரிடத்தில் முழுமையாகத் தராமல் விற்பனையாளரைக் கேட்கச் சொன்னது என்பதும் குற்றச்சாட்டு. பிறர் பாகத்தாலோ பிறர் பணிமனையாலோ வாரண்டி அற்றுப்போகாது என்று வாரண்டித் தாளிலேயே எழுத வேண்டும் என்பது ஆணை. 1975இல் எழுதிய விதி, 47 ஆண்டுகளுக்குப் பின்னும் நினைவூட்டப்பட வேண்டியிருந்தது.

இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் பொருள் விளங்கும். தயாரிப்பாளரின் முத்திரை இருப்பதனாலேயே ஒரு மேம்பாடு நெறியாகிவிடாது. அது 2016இன் பாடம். தயாரிப்பாளரின் முத்திரை இல்லாததனாலேயே ஒரு மேம்பாடு குற்றமாகிவிடாது. அது 2022இன் பாடம்.

எதைத் தேர்வது?

இவ்வரலாற்றை உரைகல்லாகக் கொண்டு, சிறு பணத்தோடு நிற்கும் அந்த இளைஞருக்கு என்ன சொல்லலாம்? ஒவ்வொரு மாற்றத்தையும் மூன்று வினாக்களால் உரசிப் பார்க்கச் சொல்வோம். இதைக் கழற்றிப் பழையபடி வைக்க முடியுமா? எஞ்சின் பழுதானால் இதுதான் காரணம் என்று சொல்ல இடமுண்டா? வெளியேறும் புகையும் ஓசையும் இதனால் மாறுமா?

இவ்வினாக்களுக்கு முழுமையாகத் தேறுவது, வண்டி இழந்திருக்கும் விசையை மீட்பது. சரியான வால்வு இடைவெளி, அளவான செயின் தொய்வு, அழுக்கில்லாத ஏர் ஃபில்டர், குறித்த தரத்து எண்ணெய், டயரில் சரியான காற்று, உரசாத பிரேக். இவற்றில் ஒன்றிரண்டு பிசகினால் குதிரைசக்தி வீணாகிக்கொண்டே இருக்கும். இவை வாரண்டியைக் குலைப்பதற்கு மாறாக, பராமரித்ததற்குச் சான்றாக ரசீதையும் தருகின்றன. அடுத்தது எடை: பெருமந்த காலத்து ஏழைகள் கண்ட அதே வழி. பயன்படாத கம்பிகளையும் பெட்டிகளையும் நீக்குவதற்குச் செலவே இல்லை.

மூன்றாவது ஸ்பிராக்கெட். முன்பக்கத்தில் ஒரு பல் குறைத்தால் இழுவிசை கூடும். உச்ச வேகம் குறையும். எஞ்சின் அதே வேகத்தில் கூடுதலாகச் சுழலும். எஞ்சினைத் தொடாத, திரும்பப் பெறத்தக்க மாற்றம் இது. ஆயினும் வேகமானி கியர்பாக்ஸிலிருந்து கணக்கெடுக்கும் வண்டியில் காட்டும் வேகம் பிழைபடும் என்பதை மறக்கலாகாது.

சைலன்சர் மட்டும் மாற்றுவது பெரும்பாலும் ஓசைக்கும் எடைக்குமான மாற்றமே. தனியாக அது தரும் விசை சொற்பம். அதற்குச் செலவிட விரும்பினால் தயாரிப்பாளரின் துணைப்பாகப் பட்டியலில் இருப்பதை ஷோரூமிலேயே மாட்டி, பாகத்தின் பெயர் பில்லில் எழுதப்பட்டிருப்பதை உறுதிசெய்துகொள்வது நலம். சாலைப் பயன்பாட்டுக்கு அது இசைவு பெற்றதா என்பதையும் கேட்க வேண்டும். 2016 அதைத்தானே கற்பித்தது.

இ.சி.யு.வின் கணக்கைத் திருத்துவது விசையைக் கூட்டும். ஆனால் நம் மூன்று வினாக்களிலும் அது தடுமாறும். பழைய கணக்கை மீண்டும் ஏற்றினாலும் திருத்திய சுவடு நினைவகத்தில் எஞ்சக்கூடும். கேம், பெரிய பிஸ்டன் ஆகியவையோ எஞ்சினைப் பிளந்து செய்யும் வேலை. இவற்றை வாரண்டிக் காலம் முடியும்வரை ஒத்திவைப்பதே சிக்கனம். அதற்குள் எஞ்சினில் பிறவிக் குறை இருந்தால் அதுவும் வெளிப்பட்டு, நிறுவனத்தின் செலவிலேயே சரியாகியிருக்கும்.

நம் நாட்டில் வண்டி ஓட்டும் வாசகர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 1975இன் அமெரிக்கச் சட்டம் இங்குச் செல்லாது. நியாயமற்ற ஒப்பந்தத்தை எதிர்க்க 2019இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் வண்டியை மாற்றும் உரிமை இங்கு மிகக் குறுகியது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தலாகாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அவ்வாண்டின் திருத்தச் சட்டம் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. 2020 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள பி.எஸ். 6 புகை வரம்பும் சேர்ந்துகொள்கிறது. எனவே மேலே சொன்ன படிகளில் முதல் இரண்டே இங்கு ஐயத்துக்கு இடமற்றவை.

ஹெலன் ஹென்னிங்சனுக்கு ஒரு தாளின் பின்பக்கம் பதில் சொல்ல மறுத்தது. வாங்கியவருக்குப் பதில் பெறும் உரிமை உண்டு என்று நிலைநாட்ட நீதிமன்றமும் சட்டமும் தேவைப்பட்டன. அவ்வுரிமையை வென்றெடுத்தபின், கைவைத்தவரும் பதில் சொல்லியாக வேண்டும் என்பது தானாகவே தொடர்ந்தது. செய்தவர் தாம் செய்ததற்கு உத்தரவாதி. திருத்தியவர் தாம் திருத்தியதற்கு உத்தரவாதி. வண்டி கடந்துசென்றபின் புகை அடங்கும்வரை மூச்சை அடக்கி நிற்கும் அந்த மூன்றாமவருக்கோ இருவருமே உத்தரவாதிகள் என்பது நம் துணிபு.